கதையுலகம் ஆட்டமாகும்போது

காதால் கேட்ட கதையை ஏட்டில் எழுதுவதும், ஏட்டிலுள்ள கதையைக் களத்தில் ஆடுவதும் வெறும் இடமாற்றங்கள் அல்ல. ஒவ்வொரு முறையும் கதை சிலவற்றை இழக்கிறது. சிலவற்றைப் புதிதாகப் பெறுகிறது. எதை இழக்கலாம், எதை இழத்தல் ஆகாது என்னும் கேள்வியே இன்றைய பேச்சின் பொருள்.

மாத்தளைப் பகுதி நேயர்களுக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில், அலுவிகாரை என்னும் குகைக்கோயில் உண்டு. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி மன்னன் காலத்தில் இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் அருகிப் போனால் ஓதப்படுவதும் அழிந்துவிடுமே என்ற அச்சமே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

அதே வீதியில் மற்றொரு பயணமும் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழ் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். நோயும் பசியும் பலரை வழியிலேயே பலிகொண்டன. உயிரோடு வந்து சேர்ந்தோர் கொண்டுவந்த பொருள்கள் மிகச் சில. ஆயினும் காமன் கதையும், அருச்சுனன் தவமும், பொன்னர் சங்கர் வரலாறும் அவர்கள் நினைவில் ஏறி வந்தன. லயத்துக்கு முன்னுள்ள வெளியில், தப்பு முழங்க, அவை கூத்துகளாக மறுபடியும் உயிர் பெற்றன. இவ்வாறு கதையை ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்குக் கொண்டு செல்லும் கலையில் மாத்தளை மண்ணுக்கு நெடிய பழக்கம் உண்டு.

இன்று கதைகள் சென்று சேரும் புதிய இடங்களுள் ஒன்று, நாலைந்து பேர் சுற்றி அமரும் ஒரு மேசை. அங்கு ஆடப்படுவதைப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் என்று தமிழில் கூறலாம். அதன் இயல்பை முதலில் விளக்குவோம்.

கூத்தில் ஒருவர் இரதியாகவும் ஒருவர் மன்மதனாகவும் வேடம் புனைவது போல, இவ்வாட்டத்திலும் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கின்றனர். ஆனால் ஒப்பனையும் இல்லை. மனப்பாடம் செய்த பாட்டும் இல்லை. ஒருவர் மட்டும் எந்த நாயகப் பாத்திரத்தையும் ஏற்காமல் ஆட்டத்தை நடத்துகிறார். கூத்தைப் பழக்கும் வாத்தியாரைப் போன்றவர் அவர். "நீங்கள் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டீர்கள், வெள்ளம் பெருகி ஓடுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். "நான் நீந்திக் கடக்கிறேன்" என்பார் ஒருவர். கடக்க முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

இவ்வகை ஆட்டங்களுள் மிகப் பரவலானது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 1974ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அதனை ஆக்கினர். வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், ஆளுமை என்னும் ஆறு பண்புகளுக்கு எண்கள் கொடுத்து ஒரு மனிதனை அதில் அளக்கின்றனர். இன்று வழங்கும் முறைப்படி, ஆற்றைக் கடத்தற்குரிய இலக்கு 15 என்று நடத்துநர் வைத்தால், ஆடுபவர் இருபது முகப் பகடையை உருட்டித் தம் வலிமைக்குரிய கூட்டலைச் சேர்க்க வேண்டும். கூட்டல் எதுவும் இல்லாதவருக்குப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். நூற்றுக்கு முப்பது முறை அது நிகழும். மூன்று கூட்டல் உடையவருக்கு 12 விழுந்தாலே போதும். அவருக்கு நூற்றுக்கு நாற்பத்தைந்து முறை வெற்றி.

இத்தகைய கணக்குக்குள் ஒரு கதையுலகைக் கொண்டுவருவது எப்படி? இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீனுடைய நடுவுலகம். ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்த அவர் 1937இல் 'ஹாபிட்' என்னும் நூலையும், 1954, 1955ஆம் ஆண்டுகளில் 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருங்கதையையும் வெளியிட்டார். குள்ளர்களும், காட்டுத் தேவர்களும், நடக்கும் மரங்களும், தீயோன் ஒருவன் செய்த மோதிரமும் நிறைந்த உலகம் அது.

1974ஆம் ஆண்டின் ஆட்டம் அவ்வுலகிலிருந்து பெயர்களைத் தாராளமாக எடுத்துக்கொண்டது. ஹாபிட் என்னும் சிறுமனிதரும், என்ட் என்னும் நடக்கும் மரமும், பால்ரொக் என்னும் தீப்பூதமும் அதில் இருந்தன. டோல்கீன் நூல்களின் வணிக உரிமையைப் பெற்றிருந்தோர் ஆட்சேபிக்கவே, 1970களின் பிற்பகுதியில் அப்பெயர்கள் மாற்றப்பட்டன. மாற்றிய பின்னும் ஆட்டம் சிறிதும் குன்றாமல் நடந்தது. இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. டோல்கீனின் உயிரினங்கள் அந்த ஆட்டத்தில் குடியிருந்தனவே ஒழிய, டோல்கீனின் உலகம் அதில் இருக்கவில்லை.

அவ்வுலகை ஆளும் நியதி வேறு. ஆட்டத்தின் நியதி வேறு. ஆட்டத்தில் பகைவரை வென்று பொருள் ஈட்டுபவன் மேலும் மேலும் வலிமை பெறுகிறான். டோல்கீனின் கதையிலோ, வலிமை தரும் மோதிரமே அதை அணிபவனைக் கெடுக்கிறது. அதைச் சுமந்து சென்ற புரோடோ, வெற்றிக்குப் பின் வீடு திரும்பியும் பழைய மனிதனாகவில்லை; அவனுடைய காயம் ஆறவே இல்லை. ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, எட்டு மணி நேரம் நன்றாக ஓய்வெடுத்தவன் இழந்த உயிர்ப்புள்ளிகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுவிடுகிறான்.

நடுவுலகை ஆட்டமாக்கும் முயற்சிகள் பல நடந்தன. 1984இல் அயன் கிரவுன் என்னும் நிறுவனம் தனக்கேயுரிய விதிமுறைகளைக் கொண்டு ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. 2016இல் கியூபிகிள் செவன் என்னும் பிரித்தானிய நிறுவனம், மேலே கூறிய பரவலான ஆட்டத்தின் விதிகளையே அடிப்படையாக வைத்து, நடுவுலகுக்கு ஏற்றவாறு அவற்றைத் திருத்தி நூலாக்கியது. 2023இல் சுவீடனைச் சேர்ந்த ஃப்ரீ லீக் நிறுவனமும் அதே வகையில் ஒரு நூலைக் கொண்டுவந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தங்களை ஆராய்ந்தால், கதையை மதிப்போர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பது விளங்கும்.

முதலாவதாக, மந்திரவாதி என்னும் பாத்திர வகையையே அவர்கள் நீக்கிவிட்டனர். டோல்கீனின் உலகில் மந்திரம் வல்லார் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. மேசையைச் சுற்றி இருக்கும் ஐவரில் இருவர் நாள்தோறும் நெருப்புருண்டை எறிந்தால் அது அவ்வுலகம் ஆகாது. அந்த இடத்தில் அறிஞன், அலைந்து திரிவோன், போர்வீரன் முதலிய வகைகள் வந்தன.

இரண்டாவதாக, பயணத்துக்குத் தனி விதிகள் அமைத்தனர். வழிகாட்டி, முன்சென்று பார்ப்பவன், வேட்டையாடுபவன், காவலன் என்று கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வழியில் முழு ஓய்வு எளிதில் கிட்டாது. பாதுகாப்பான தங்குமிடம் ஒன்றை அடைந்தாக வேண்டும். டோல்கீனின் கதை பெரும்பாலும் நடந்து தீர்க்கும் கதையாதலின், களைப்புக்கும் ஆட்டத்தில் இடம் கிடைத்தது.

மூன்றாவதாக, நிழல் என்னும் கணக்கு ஒன்றைப் புகுத்தினர். ஒருவன் தீச்செயல் புரிந்தாலும், கொடுமை மிக்க இடங்களில் நடமாடினாலும், கறைபட்ட செல்வத்தை எடுத்தாலும் நிழல் அவன்மேல் சேரும். அது மிகுந்தால் அவன் தன்னிலை இழந்து நடப்பான். அவன் குணத்திலும் நீங்காத ஒரு குறை படியும்.

நான்காவது திருத்தம் காலத்தைப் பற்றியது. மோதிரத்தின் கதை எப்படி முடியும் என்பது படித்தவர் அனைவருக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையில் பகடைக்கு வேலை இல்லை. ஆகவே, அவ்வுலகின் மூன்றாம் யுகத்து 2946ஆம் ஆண்டில் ஆட்டத்தைத் தொடங்கினர். 'ஹாபிட்' கதை அப்போது முடிந்துவிட்டது. மோதிரப் போர் தொடங்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உள்ளன. புகழ்பெற்ற நாயகர்களின் பெயர் காதில் விழும் தூரத்தில், பெயர் தெரியாத எளியவர்களின் வாழ்வை ஆடுபவர்கள் ஏற்கின்றனர்.

நேயர்களே, இந்நான்கு திருத்தங்களுக்கும் அடியில் ஒரே கருத்துத்தான் இருக்கிறது. ஒரு கதையுலகில் எச்செயலுக்கு என்ன விலை என்பதைக் காப்பாற்ற வேண்டும். விலை மாறினால் பெயர்கள் அத்தனையும் அப்படியே இருந்தாலும் அது வேறு உலகமாகிவிடும்.

நமக்கு நெருங்கிய கதைகளைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். இறந்தவர் மீள்வதை எடுத்துக்கொள்வோம். 2014ஆம் ஆண்டின் விதிகளில், இறந்தவரை எழுப்பும் மந்திரம் ஒன்று உண்டு. அதற்கு ஐந்நூறு பொற்காசு பெறுமதியுள்ள வைரம் ஒன்று செலவாகும். வைரம் கையிலிருந்தால் நண்பன் எழுந்துவிடுவான். காமன் கதையிலும் இறந்தவன் மீள்கிறான். தேவர்களுக்காகச் சிவனுடைய தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணின் நெருப்பில் சாம்பலாகிறான். இரதியின் புலம்பலுக்கு இரங்கி இறைவன் அவனை உயிர்ப்பிக்கிறான். ஆயினும் அவன் இரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். பிறருக்கு உருவமற்ற அநங்கன். தவத்தைக் கலைத்ததன் விலை முற்றிலும் தள்ளுபடியாகவில்லை. மலையகத்தில் மாசி மாத வளர்பிறையில் காமன் கம்பம் நாட்டி, நாட்கணக்கில் விரதம் காத்து, தகனத்தையும் உயிர்ப்பித்தலையும் ஆடும் மக்கள் இந்த விலையை நன்கறிவர். இங்கே வைரத்துக்கு இடமில்லை. ஒரு பெண்ணின் அழுகைக்கு இடமுண்டு.

மந்திரம் மறந்துபோவது மற்றோர் உதாரணம். ஆட்டத்தின் ஆரம்பப் பதிப்புகளில், மந்திரவாதி ஒரு மந்திரத்தை ஒரு முறை பயன்படுத்தியதும் அது அவன் நினைவிலிருந்து அகன்றுவிடும். மறுபடி ஏட்டைப் பார்த்துப் படிக்க வேண்டும். ஜாக் வான்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1950இல் வெளியிட்ட கதைத் தொகுதியிலிருந்து பெறப்பட்ட கருத்து இது. பாரதக் கதையில் கர்ணனுக்கும் மந்திரம் மறந்துபோகிறது. ஆனால் அது பயன்படுத்தியதால் தீர்ந்துபோனதன்று. குலத்தை மறைத்துப் பரசுராமரிடம் வித்தை பெற்றான். உண்மை வெளிப்பட்டபோது, உயிருக்கு ஆபத்தான வேளையில் அந்த அஸ்திரம் நினைவுக்கு வராது என்று குரு சபித்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. முன்னது மாலையில் எண்ணெய் தீர்ந்த விளக்கு. பின்னது என்றோ வாங்கிய கடன், எதிர்பாராத நாளில் வாசலில் வந்து நிற்பது. பாரதத்தை ஆட்டமாக்க விரும்புவோர் முன்னதன் விதியைக் கொண்டு பின்னதை ஆடினால், கர்ணன் என்னும் பெயர் மட்டுமே எஞ்சும்.

ஆகவே மாத்தளையில் நாலைந்து இளைஞர் ஒன்றுகூடிப் பாரத உலகை இவ்வாறு ஆட விரும்பினால், அவர்கள் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறலாம்.

காலத்தை முதலில் தெரிந்தெடுக்க வேண்டும். பாண்டவரின் வனவாசம் பன்னிரண்டு ஆண்டுகள்; அதன்பின் ஓராண்டு யாரும் அறியாமல் மறைந்து வாழ்தல். தோட்டங்களில் கூத்தாக ஆடப்படும் அருச்சுனன் தவமும் அந்த வனவாசக் காலத்தைச் சேர்ந்ததே. அப்பன்னிரண்டு ஆண்டுகளில் சொல்லப்படாத நாட்கள் எத்தனையோ உள. ஆடுபவர்கள் அருச்சுனனாகவும் வீமனாகவும் ஆக வேண்டியதில்லை. காட்டோரத்து வேடன், ஊரூராகச் செல்லும் வைத்தியன், அத்தினாபுரத்திலிருந்து ஓலை கொண்டுவரும் தூதன், ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட பாணன் ஆகியோராக இருக்கலாம். தம்முள் வழக்காடும் இரு அரசவீடுகளுக்கிடையே எளியவன் எவ்வாறு நெறி தவறாமல் வாழ்வான் என்பது ஒன்றே பல இரவுகளுக்குப் போதிய பொருள்.

அடுத்து, வாக்குக்கு ஒரு விதி வேண்டும். அவ்வுலகில் சொன்ன சொல்லே பெரும் ஆற்றல். ஆட்டத்தில் இதற்கு வசதியான ஒரு முறை ஏற்கெனவே உண்டு. சாதகமான நிலையில் இருப்பவர் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டி, உயர்ந்த எண்ணைக் கொள்வர்; பாதகமான நிலையில் தாழ்ந்த எண்ணைக் கொள்வர். ஒவ்வொருவரும் ஆட்டத்தின் தொடக்கத்தில் அனைவர் முன்னிலையிலும் ஒரு விரதத்தைக் கூறட்டும். அதைக் காக்கும்வரை, ஓர் இரவில் ஒருமுறை சாதக உருட்டல் கிடைக்கட்டும். முறித்தால், அவருக்கு மிகவும் இன்றியமையாத வேளையில் நடத்துநர் பாதக உருட்டலைக் கேட்கட்டும். முன்பு கூறிய ஆற்றைக் கடத்தலையே பார்ப்போம். பகடையில் 12 விழ வேண்டியவருக்கு இயல்பான வாய்ப்பு நூற்றுக்கு நாற்பத்தைந்து. விரதம் காத்தவருக்கு அது ஏறத்தாழ எழுபதாக உயரும். முறித்தவருக்கு இருபதாகத் தாழும். கர்ணனின் சாபம் இவ்வாறு கணக்குக்குள் வந்துவிடுகிறது. எப்போது வந்து சேரும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

வரத்துக்கும் ஒரு விதி அவசியம். நம் புராணங்களில் குறையில்லாத வரம் இல்லை. பகலிலும் இரவிலும், உள்ளும் புறமும், மனிதனாலும் விலங்காலும் சாகலாகாது என்று இரணியன் கேட்டான். அந்தியில், வாயிற்படியில், இரண்டுமாகிய நரசிங்கம் வந்தது. ஆகவே வரம் பெறும் பாத்திரத்தை ஏற்றவர் தம் வரத்தைத் தாமே ஒரு வாக்கியமாக எழுதட்டும். அவ்வாக்கியம் சொல்லாமல் விட்ட இடத்தில் மட்டும் நடத்துநர் ஆபத்தைக் கொண்டுவரட்டும். இவ்விதிக்குப் பகடையும் வேண்டா. சொல்லைக் கவனமாக ஆளும் பழக்கம் தானாக வரும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கூத்து என்பது வழிபாடு ஆயிற்றே. காப்புக் கட்டி விரதமிருந்து ஆடுவதை மேசைமேல் வைத்துப் பொழுதுபோக்காக்கலாமா? இவ்வையம் நியாயமானது. காமன் கூத்தில் வேடம் ஏற்பவர் ஒரு கடமையை ஏற்கிறார். அங்கே முடிவை மாற்ற எவருக்கும் உரிமை இல்லை. காமன் எரிந்தே ஆக வேண்டும். ஆகவே அக்கூத்தை அதன் களத்திலேயே விட்டுவிடுவது முறை. நடுவுலகை ஆட்டமாக்கியோரும் மோதிரத்தைச் சுமக்கும் பொறுப்பை எவருக்கும் பகடையால் பங்கிடவில்லை என்பதை நினைவில் கொள்க. பெருங்கதையின் மையத்தைத் தொடாமல், அதன் வெளிச்சம் விழும் ஓரங்களில் ஆடினால் போதும்.

முடிவு தெரிந்த கதைக்குள்ளும் திறந்த வெளி உண்டு என்பதைத் தமிழ் மரபு முன்பே கண்டிருக்கிறது. தஞ்சை வட்டாரத்து லாவணிப் பாடகர்கள், காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மற்றொரு கட்சியுமாகப் பிரிந்து, வினாவும் விடையுமாகப் பாடி வாதிடுவர். கதையை யாரும் மாற்றவில்லை. கதையின் பொருளைப் பற்றி விடியும்வரை போட்டியிட்டனர். மேசை ஆட்டமும் அத்தகைய ஒரு வழக்காடுமன்றமாகலாம்.

எந்த விதி பொருந்தும், எது பொருந்தாது என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் இரவு ஆடி முடித்தபின், அதில் நிகழ்ந்தவற்றைக் கூத்தும் கதையும் நன்கறிந்த ஒரு முதியவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். அவருக்குப் பகடைக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. "இப்படி ஒன்று கதையில் இல்லையே" என்று அவர் கூறினால் கவலை வேண்டா. கதையில் இல்லாததை ஆடத்தானே அமர்ந்தோம். "அந்த உலகத்தில் இப்படி நடக்காதே" என்று அவர் கூறினால், விதியைத் திருத்த வேண்டும். எந்த இடத்தில் விலை பிசகியது என்று அவரிடமே கேட்கலாம். அவர் விடை சொல்லத் தொடங்கும்போது, ஏட்டில் எழுதப்படாத கதைகள் பல கூடவே வெளிவரும். மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களின் நினைவில் இருந்தவை அவ்விதமே இன்னொரு தலைமுறையின் செவியை அடையும்.